படத்தில் இருந்த பிராந்தி

படத்தில் சேறே இல்லை. சில்லாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ஹெப்லி ரயில் கம்பெனி ஹாலில் முழங்காலிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று செவ்வாய். வியாழக்கிழமை பாதையைத் திறக்கிறார்கள். திறந்த கையோடு பெரிய மனிதர்களுக்கு இங்கேதான் விருந்து. பின்கட்டு அடுப்பில் காலையிலிருந்தே பன்றித்தொடைகள் வெந்துகொண்டிருந்தன. அந்தக் கொழுப்பு வாடையும் எதிர்ச்சுவரிலிருந்து வந்த ஆளிவிதை எண்ணெய் நெடியும் ஒன்றாகச் சேர்ந்து அவள் தொண்டையில் படிந்திருந்தன. இரண்டு தடவை எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். போகவில்லை.

சுவரில் பத்தடி அகலத்துக்கு அந்தப் படம். இன்னும் நடக்காத திறப்பு விழாவை நடந்து முடிந்ததாகவே வரைந்திருந்தார் ஓவியர். பாதைக்காக ஹெப்லி மலையைப் பிளந்த வெட்டுக்கு நடுவில் புகை கக்கிக்கொண்டு வண்டி வருகிறது. பின்னால் திறந்த பெட்டிகளில் உயரத் தொப்பி வைத்த கம்பெனி டைரக்டர்கள். இரண்டு கரையிலும் குடை பிடித்த சீமாட்டிகள் கைக்குட்டை ஆட்டுகிறார்கள். கரை இரண்டும் சீப்பால் வாரிவிட்டதுபோலப் பச்சைப்பசேலென்று இருந்தன. ஓரத்தில் ஏழெட்டு மண்ணாட்கள் வெள்ளைச் சட்டையில் நின்று தொப்பியைத் தூக்குகிறார்கள்.

வெள்ளைச் சட்டை. சில்லாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அந்த வெட்டில் மூன்று வருஷம் மண்ணள்ளிய ஒருவனின் சட்டையை அவள் துவைத்திருக்கிறாள். நீலக் களிமண், குதிரை மூத்திரம், வேர்வை, சில நாள் இரத்தம். எந்தத் தண்ணீரில் போட்டாலும் தண்ணீர்தான் அழுக்காகும், சட்டை வெளுக்காது. அந்தச் சீமாட்டிகள் நிற்கிற கரையில் பதினொரு பேர் செத்திருக்கிறார்கள். பதினோராவது ஆள் அவள் புருஷன் எப்ராயிம்.

வாளியை நகர்த்தி நகர்த்திப் படத்தின் அடிக்கே வந்துவிட்டாள். இடது கோடியில் ஒரு முட்புதர். புதரடியில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். தொப்பி தனியாக, கால் அகல விரிந்து, வாய் திறந்து. மூக்கு செக்கச்செவேலென்று. தொங்கிய கையில் ஒரு மண்பாட்டில். பாட்டில்மேல் ஏதோ எழுத்து.

இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. வலது காதின் நுனி இல்லை.

சில்லா கையிலிருந்த தேய்ப்புக்கட்டையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அந்தப் புருவம் பிளந்தது தள்ளுவண்டி சறுக்கியபோது. காது நுனி போனது பனியில். வண்டி சறுக்கிய அன்றைக்கே மூக்கெலும்பும் உடைந்ததால் அவனுக்கு மூக்கால் மூச்சு வராது. தூங்கினால் வாய் திறந்துதான் கிடக்கும். மத்தியானம் அரைமணி நேரம் அப்படித்தான் புதரடியில் கிடப்பான். கையில் இருக்கிற பாட்டிலில் ஓட்ஸ் ஊறவைத்த தண்ணீர். தினமும் காலையில் நிரப்பிக் கொடுத்தது அவள்தான்.

செத்து ஐந்து மாசம் ஆகிறது. சரிந்த மண்ணுக்கடியிலிருந்து இழுத்து வெளியே எடுத்தபோது அவளை முகத்தைப் பார்க்கவிடவில்லை. பார்க்கும்படியாக எதுவும் மிச்சமில்லை என்றார்கள். அந்த முகம் இப்போது இங்கே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், குடிகாரனாக.

மண்வேலைக் கூட்டத்தில் யாரையும் ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு பட்டப்பேர் விழும். பெரும்பாலும் ஆளுக்கு நேர் எதிராக. கதவில் குனிந்து நுழைகிற பூதாகார மனிதன் ஒருவனுக்குச் சிட்டுக்குருவி என்று பேர். மொட்டையனுக்குச் சுருட்டை. மூன்றாவது கல்யாணம் செய்தவன் பிரம்மச்சாரி. எப்ராயிம் மெதடிஸ்டு கோயிலில் குடிக்கமாட்டேனென்று சத்தியம் செய்து, மதுவிலக்குச் சங்கப் பலகையில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் சிலுவைக் குறியைப் போட்டவன். முதல் நாள் மேஸ்திரி நீட்டிய பீரை வேண்டாம் என்றான். அன்று சாயங்காலத்துக்குள் அவன் பேர் பிராந்தி. கூலிப் புத்தகத்திலேயே பிராந்திதான். சில்லாவே வாய் தவறிச் சில சமயம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அவனும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்திருக்கிறான்.

அந்தப் பேர்தான் அவனை இரண்டாம் தடவை கொன்றது.

மலையை மேலிருந்து படிப்படியாக வெட்டினால் நாளாகும். ஆகவே கரையின் அடியைக் குடைந்துகொண்டு உள்ளே போவார்கள். மேல்மண் தன் பாரத்தில் தானே விழும். ஒரே நாளில் நான்கு நாள் வேலை. கரையின் காலைத் தட்டுவது என்று அதற்குப் பேர். கம்பெனி விதியில் அதற்குத் தடை உண்டு. வெட்டில் மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டே செய்யச் சொல்வார். எப்ராயிமின் வேலை, மேலே கரையில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்துக் கேட்பது. மண் நெறிபடும் சத்தம் கேட்டால் கத்துவான். கீழே இருப்பவர்கள் ஓடுவார்கள். இரண்டு வருஷம் அவன் கத்தலில் ஓடித்தான் அவர்கள் பிழைத்தார்கள். அவன் செத்த அன்றைக்கு ஆள் குறைவென்று மேஸ்திரி அவனைக் கீழே அனுப்பினார். மேலே காது வைக்க ஆளில்லை, கரை சரிந்து மூடியது.

சாராயக்கடை மாடியில் சாவு விசாரணை நடந்தது. பார்த்த சாட்சி சிட்டுக்குருவி. அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கி, தொப்பியைக் கசக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த உண்மையை அவன் சொன்னான்.

"பிராந்தி இல்லாம அந்த வேலை நடக்காதுங்கய்யா. காலைத் தட்டுறப்ப எங்களுக்குப் பிராந்தி வேணும். அன்னைக்குப் பிராந்தியைக் கீழ இறக்கிட்டாங்க. அதுலதான் போச்சு."

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார். குடிபோதையில் ஆட்கள் தாங்களே வரவழைத்துக்கொண்ட விபத்து என்று தீர்ப்பாயிற்று. மாடிப்படி இறங்கிய பிறகுதான் சிட்டுக்குருவிக்கு உறைத்தது. திரும்ப ஓடினான். புத்தகத்தை மூடியாகிவிட்டது என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு மதுவிலக்குப் பலகையில் எப்ராயிமின் சிலுவைக் குறிமேல் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. சில்லா அதற்குப் பின் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை.

ஹாலின் இன்னொரு பக்கம் ஓவியர் லவ்டே முக்காலியில் உட்கார்ந்து பன்றிக்கறிப் போளி தின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், தரை ஈரத்தில் நடக்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடப்பவர். அவள் எழுந்து நின்று அந்தப் படுத்திருப்பவன் யார் என்று கேட்டாள். அவர் விரலில் வழிந்த கொழுப்பை நக்கிவிட்டு, போன கோடையில் வெட்டுக்குப் போய்ப் பென்சிலால் வரைந்து வைத்திருந்த ஆள் என்றார். படம் கொஞ்சம் விறைப்பாக இருந்ததால் வேடிக்கைக்காக நாலு நாள் முன்னால்தான் சேர்த்தாராம். சாயம் இன்னும் காயவில்லை, தொட்டுவிடாதே என்றார்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"என் புருஷன்."

லவ்டே மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அவர் கேட்டதை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

"அச்சு அசலா வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்றாள். அதுதானே கொடுமை. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிராந்தி என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆளின் பேரைக் கேட்டாராம், எல்லோரும் பிராந்தி என்று சொல்லிச் சிரித்தார்களாம். சில்லா அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னாள். சத்தியம் செய்ததை, ஓட்ஸ் தண்ணீரை, உடைந்த மூக்கை, எல்லாவற்றையும் சொன்னாள். லவ்டே முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல்தான் சிரித்தார், பாவம். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருத்தம் சொன்னார்.

அவள் கேட்டது சின்ன விஷயம். மூக்குச் சிவப்பை எடுக்க வேண்டும், எழுத்தை எடுக்க வேண்டும். வெறுமனே ஒரு மனிதன் வேலை நடுவில் தூங்குகிறான் என்று இருந்தால் போதும்.

லவ்டே கழுத்தைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார். மூக்குச் சிவப்புதான் கண்ணை இழுத்துக்கொண்டுபோய் வண்டியின் நெருப்பில் விடுகிறது, அதை எடுக்க மனசில்லை என்றார். ஆனால் அச்சுப் படத்தில் சிவப்பு வராது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். நாளைக் காலையில் லண்டனிலிருந்து செதுக்குகிறவர் வருகிறார். இந்தப் படத்தைப் பார்த்து எஃகுத் தகட்டில் செதுக்கி, ஆயிரம் பிரதி அடித்து ஊர் ஊராக விற்கப்போகிறார்கள். அவர் வருவதற்குள் எழுத்தை மட்டும் சுரண்டிவிடுகிறேன் என்றார்.

ஆயிரம் பிரதி. ஆயிரம் சாராயக்கடைச் சுவரில் எப்ராயிம் பிராந்தியோடு கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுத்தில்லாமல் கிடப்பதையும் நினைத்துப் பார்த்தாள். எழுத்துப் போய்விட்டால், அது அவன்தான். ஒரு பிரதி வாங்கிவிட முடிந்தால் அவளிடம் அவன் முகம் இருக்கும்.

"ஆனா ஒண்ணு," என்றார் லவ்டே. "செத்தவன்னு வெளிய சொல்லிடாத. டைரக்டருங்களுக்குப் பிடிக்காது. வாயைத் திறக்காம இருந்தா உன் ஆள் இங்கயே இருப்பான்."

அவள் தலையாட்டினாள். ஆட்டியபோதே தன்மேலேயே ஓர் அருவருப்பு. இருந்தாலும் ஆட்டினாள். குனிந்து தேய்ப்புக்கட்டையை எடுத்தாள்.

லவ்டே சுரண்டுகத்தியைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே வாசல் கதவு திறந்தது. மிஸ்டர் தாக்ரா, கம்பெனி டைரக்டர், கம்பளி ஆலை முதலாளி. கூடவே சேற்றுக் காலோடு அவருடைய வேட்டைநாய். அவள் தேய்த்து முடித்த தரையெல்லாம் அது நடந்து, மேஜைக்காலில் மூத்திரம் பெய்தது. அவர் கவனிக்கவில்லை. படத்தின் முன் நின்று, வண்டியில் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தாடையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தலாமே என்றார். ஆகட்டும் என்றார் லவ்டே. அப்புறம் தாக்ராவின் பார்வை கீழே இறங்கி இடது கோடியில் நின்றது. பாட்டிலைப் படித்துவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார். மூக்குப்பொடி வாயோரம் வழிந்தது.

படத்திலேயே உண்மையான இடம் இதுதான் என்றார். இந்த மாதிரிக் குடிகாரப் பயல்கள்தான் கரையைத் தங்கள் தலையிலேயே தள்ளிக்கொண்டு திறப்பை ஏழு வாரம் தள்ளிப்போட வைத்தார்கள். அச்சடிக்கிறபோது இந்த எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொல்ல வேண்டும், அறையின் அந்தக் கோடியிலிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்றார்.

சில்லா ஓவியரைப் பார்த்தாள். இப்போது சொல்வார், எழுத்தை எடுக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். லவ்டே கையில் கத்தி இருந்தது. அதைத் துணியில் துடைத்தார். ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆகட்டும் சார்."

அவள் எழுந்தாள். முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன.

"அது என் வீட்டுக்காரருங்க. ஏழு வாரம் தள்ளிப்போச்சுன்னீங்களே, அந்தக் கரைக்கு அடியில கிடந்தவரு. ஒரு சொட்டு குடிச்சதில்ல. பிராந்திங்கறது அவருக்கு வெச்ச பேரு. குடையச் சொன்னது உங்க மேஸ்திரி."

தாக்ரா அவளை அப்போதுதான் பார்த்தார். விசாரணை முடிந்துபோன விஷயம் என்றார். பிறகு லவ்டேயிடம் இது செத்தவனின் முகமா என்று கேட்டார். லவ்டே கத்தியைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார்.

தாக்ரா முகம் சுளித்தார். பெண்கள் பயணம் போகப்போகிற வண்டி. அந்தப் படத்தில் பிணத்தின் முகமா. ஆனால் அந்த வேடிக்கையை விடவும் அவருக்கு மனசில்லை. நாயின் காதைச் சொறிந்தபடி யோசித்தார். பிறகு சில்லாவிடம் பேசினார், குழந்தைக்குச் சொல்வதுபோல இதமாக.

"இங்க பாரும்மா. இது யார் மூஞ்சின்னு யாருக்கும் தெரியலைன்னா யாருக்கும் நஷ்டமில்ல. நீ வாயை மூடிட்டு இருந்தா உன் புருஷன் இந்தச் சுவர்ல நூறு வருஷம் இருப்பான். மண்ணள்ளுறவனுக்கு இது எங்க கிடைக்கும், சொல்லு. இல்ல, ஊரெல்லாம் போய்ச் சொல்லுவேன்னா, எடுத்துடச் சொல்லிடறேன்."

எழுத்து என்ன ஆகும் என்று சில்லா கேட்டாள்.

எழுத்து இருக்கும் என்றார் தாக்ரா. எழுத்து இல்லாவிட்டால் அதில் என்ன இருக்கிறது.

பின்கட்டில் யாரோ பானை மூடியைத் திறந்தார்கள். கொழுப்பு வாடை ஒரு கொத்தாக வந்து முகத்தில் அறைந்தது. சில்லா படத்தைப் பார்த்தாள். பிளந்த புருவம். திறந்த வாய். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததைக்கூட அந்த மனிதர் விட்டுவிடவில்லை. அவள் மறக்கத் தொடங்கியிருந்த பல். இனி இந்த உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் தினமும் வந்து தரை தேய்க்கும் சாக்கில் பார்க்கலாம். ஆயிரம் பேர் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் பார்ப்பாள்.

"எடுத்துடுங்க," என்றாள்.

தாக்ரா நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கதவருகில் நின்று, வெற்றிடமாக விட வேண்டாம், செம்மறி ஏதாவது போட்டுவிடுங்கள், செம்மறியைப் பிடிக்காத ஜனம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருத்தமாகத்தான் இருந்தது லவ்டேக்கு. நன்றாக வந்த உருவம் என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். துணியில் சாயம் கரைக்கும் டர்பன்டைனை ஊற்றிக்கொண்டு குனிந்தார். கத்தி எப்ராயிமின் பூட்ஸில் பட்டது.

"மூஞ்சியில இருந்து ஆரம்பிங்க," என்றாள் சில்லா. "காலை எடுத்துட்டு மூஞ்சியைக் கடைசிவரைக்கும் விட்டு வெக்காதீங்க."

அவர் கை மேலே போனது. மூக்குச் சிவப்பு முதலில் வழிந்து வந்தது. கத்தி நுனியில் ஒட்டிய அதைத் துணியில் துடைத்தார். அடுத்தது வாய். பல் இல்லாத இடம். புருவத்தின் பிளவு கொஞ்ச நேரம் தனியாக நின்றது, துணி ஒரு சுற்றுச் சுற்றியதும் அதுவும் போனது. சில்லா கண்ணை எடுக்கவில்லை. வழித்த இடத்தில் அடியில் இருந்த பச்சைக்கரை தெரிந்தது. பாட்டில் கடைசியாகப் போனது. எல்லாச் சாயமும் கலந்து துணியில் வெட்டுக் களிமண் நிறத்தில் ஒரு குழம்பு இருந்தது. லவ்டே அதை அவள் தேய்த்து வைத்த தரையிலேயே போட்டார்.

பிறகு புதுத் தூரிகை எடுத்து வெள்ளையைக் குழைக்கத் தொடங்கினார். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சீட்டியும் அடித்தார். வேலை கைக்கு வந்தால் மனிதனுக்கு மற்றது மறந்துபோகிறது. செம்மறியின் முதுகை வட்டமாகப் போட்டுவிட்டு, தலை எந்தப் பக்கம் என்று புரியாமல் நின்றார். சமாதானமாக ஏதாவது பேச வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். இது எந்தப் பக்கம் பார்த்து நிற்கட்டும், நீயே சொல் என்றார்.

சில்லா நாய் மூத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்தப் பக்கம் சூத்தைக் காட்டிட்டு நிக்கட்டும்."

லவ்டே சிரித்தார். அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆமாம், வண்டிச் சத்தம் கேட்டால் செம்மறி திரும்பித்தான் நிற்கும், அதுதான் இயல்பு என்றார். அப்படியே வரைந்தார். பின்பக்கம் நல்ல உருண்டையாக, வால் சற்று ஒதுங்கி, பார்ப்பவர் முகத்துக்கு நேராக வந்தது.

மறுநாள் வந்த செதுக்குகிறவர் ஒரு கோடுகூட மாற்றவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஆயிரம் பிரதியும் விற்றன. அதில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தாக்ரா தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டார்.